5 வோல்ட் காட்டுது, ஆனா வயர் நல்லா இருக்கா?

டீசல் கார் ஒன்றில் செக் இன்ஜின் லைட் எரியுது. ஸ்கேனரை மாட்டினால் பி 0193 என்று ஒரு கோட் வருது: ஃபியூயல் ரெயில் பிரஷர் சென்சார் சர்க்யூட், ஹை இன்புட். பல இடங்களில் அடுத்து நடப்பது இதுதான்: புது சென்சார் ஆர்டர் போடுவாங்க, மாட்டுவாங்க, கோடை அழிப்பாங்க, வண்டியை அனுப்பிடுவாங்க. ஒரு வாரத்தில் அதே லைட், அதே கோட், அதே ஆள் திரும்ப வந்து நிற்பார்.

அந்தக் கோடில் 'சென்சார்' என்ற வார்த்தை எல்லார் கண்ணிலும் படுது. அதுக்குப் பக்கத்திலேயே இருக்கும் 'சர்க்யூட்' என்ற வார்த்தை யார் கண்ணிலும் படுவதில்லை. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது வார்த்தையைப் பற்றியது.

நம்ம காலேஜில் இது யாரோட சப்ஜெக்ட் என்றே தெரியாது. மெக், ஆட்டோமொபைல் பசங்களைக் கேட்டால் "அது எலக்ட்ரிகல் மேட்டர்" என்பாங்க. ட்ரிபிள்-ஈ, இசிஇ பக்கம் போனால் "அது இன்ஜின் மேட்டர்". நடுவில் காலியாவது கார் ஓனரோட பர்ஸ். இதுக்குத் தேவையான தியரி ரெண்டே ரெண்டுதான்: ஓம்ஸ் லா, தெவனின் தியரம். ரெண்டுமே முதல் வருஷத்தில் எழுதி பாஸ் பண்ணிட்டோம். கையில் ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒரு 470 ஓம் ரெசிஸ்டர் இருந்தால் போதும்.

சென்சார் உள்ளே என்ன இருக்கு

காமன் ரெயில் டீசல் இன்ஜினில், ஹை பிரஷர் பம்ப் டீசலை அழுத்தி 'ரெயில்' என்ற தடித்த ஸ்டீல் குழாய்க்குள் நிரப்பும். எல்லா இன்ஜெக்டரும் அந்த ஒரே குழாயிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும், அதனால்தான் 'காமன்'. ஐடிலில் ஏறக்குறைய 300 பார் இருக்கும். முழு லோடில் 1600 பார், சில புது இன்ஜின்களில் 2000-ஐத் தாண்டும். உங்க கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம்.

ரெயிலில் திருகியிருக்கும் சென்சாருக்குள் ஒரு ஸ்டீல் டயாஃப்ரம். டீசல் அதை அழுத்தும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அதன் மேல் ஸ்ட்ரெயின் கேஜ்கள், வீட்ஸ்டோன் பிரிட்ஜாக இணைக்கப்பட்டிருக்கும். (அந்த பிரிட்ஜை 1833-ல் முதலில் சொன்னவர் சாமுவேல் ஹண்டர் கிறிஸ்டி. வீட்ஸ்டோன் 1843-ல் அதைப் பிரபலமாக்கினார், பெயரும் அவருக்கே போயிடுச்சு.) பிரிட்ஜிலிருந்து வருவது வெறும் மில்லிவோல்ட். சென்சாருக்குள்ளேயே இருக்கும் ஒரு ஆம்ப்ளிஃபையர் அதைப் பெரிசாக்கி வெளியே அனுப்பும்.

வெளியே மூணு வயர். ஒன்று இசியூ கொடுக்கும் 5 வோல்ட் ரெஃபரன்ஸ், இன்னொன்று கிரவுண்டு, மூணாவது சிக்னல். பொதுவாக பிரஷர் பூஜ்யமாக இருக்கும்போது சிக்னல் 0.5 வோல்ட், சென்சாரோட உச்ச பிரஷரில் 4.5 வோல்ட். நடுவில் நேர்கோடு. 1800 பார் சென்சார் என்று வைத்துக்கொண்டால், வோல்டேஜிலிருந்து 0.5-ஐக் கழித்து, 4-ஆல் வகுத்து, 1800-ஆல் பெருக்கினால் பிரஷர் வந்துடும். 300 பாருக்கு 1.17 வோல்ட். 1600 பாருக்கு 4.06.

ஏன் 0-வில் ஆரம்பித்து 5-ல் முடிக்கவில்லை? இந்தக் கேள்வி வைவாவில் கேட்க வேண்டியது. 0 வோல்ட்டும் 5 வோல்ட்டும் நல்ல சென்சார் ஒருநாளும் பேசாத எண்கள். அதனால் அந்த ரெண்டில் ஏதாவது வந்தால் 'இது பிரஷர் இல்லை, எங்கேயோ கட் அல்லது ஷார்ட்' என்று இசியூவுக்குத் தெரிஞ்சிடும். மேலேயும் கீழேயும் விட்டிருக்கும் அந்த அரை வோல்ட் இடம், கோளாறுக்காகவே காலியாக விடப்பட்டது.

இன்னொரு விஷயம், பின்னாடி கணக்கில் தேவைப்படும். இந்த சென்சார் ரேஷியோமெட்ரிக். அதாவது தனக்கு வரும் சப்ளையில் 10 சதவீதம் முதல் 90 சதவீதம் வரைதான் வெளியே தரும். சப்ளை குறைந்தால் சிக்னலும் அதே விகிதத்தில் குறையும்.

கையை வைக்கும் முன்

இது எலக்ட்ரிகல் வேலைதான், ஆனா பக்கத்தில் இருப்பது 1000 பாருக்கு மேல் போகக்கூடிய டீசல். ஊசி நுனி அளவு லீக் இருந்தாலும் அந்த ஜெட் தோலைக் கிழித்து உள்ளே போயிடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் பெரிசா இருக்காது. உள்ளே திசுக்களை டீசல் அரித்துக்கொண்டே போகும், உடனே ஆபரேஷன் பண்ணாவிட்டால் விரலையோ கையையோ எடுக்க வேண்டி வரலாம். அதனால் இன்ஜின் ஓடும்போது ரெயில் பைப்பின் எந்த நட்டையும் லூஸ் பண்ணக் கூடாது. லீக் இருக்கான்னு கையால் தடவிப் பார்க்கவே கூடாது, அட்டையை நீட்டிப் பாருங்க. தப்பித் தவறி அடிச்சிட்டால், "கழுவிட்டால் சரியாகிடும்" என்று உட்காராமல் நேரா ஆஸ்பத்திரிக்குப் போய், ஹை பிரஷர் டீசல் உள்ளே போயிருக்கு என்று டாக்டரிடம் சொல்லணும். இந்தக் கட்டுரையில் சொல்லும் டெஸ்ட் எதற்கும் ரெயிலைத் திறக்க வேண்டியதில்லை.

கோட் என்ன சொல்லுது, என்ன சொல்லலை

பிரஷர் சம்பந்தமாக ரெண்டு வகை கோட் வரும். பி 0087 என்றால் ரெயில் பிரஷர் தேவையானதைவிடக் குறைவு, பி 0088 என்றால் அதிகம். அங்கே இசியூ சென்சாரை நம்பி, பிரஷரைப் பற்றிப் புகார் சொல்லுது. ஃபில்டர், பம்ப், இன்ஜெக்டர் ரிட்டர்ன் என்று தேட வேண்டிய கேஸ் அது.

பி 0190-லிருந்து 0194 வரை வேற. அங்கே இசியூ சென்சார் சர்க்யூட்டையே நம்பலை. 0192 சிக்னல் வோல்டேஜ் ரொம்பக் கம்மி, 0193 ரொம்ப ஜாஸ்தி, 0191 வோல்டேஜ் வரம்புக்குள்தான் இருக்கு ஆனா நம்புற மாதிரி இல்லை, 0194 விட்டு விட்டு வருது. பி 0193 வந்தவுடன் "ரெயிலில் பிரஷர் எகிறிடுச்சு" என்று பம்பைக் கழற்றுபவர்கள் இருக்காங்க. அந்த 'ஹை' பிரஷரைச் சொல்லலை, வோல்டேஜைச் சொல்லுது.

இதைப் புரிஞ்சுக்க இசியூ பக்கம் சர்க்யூட்டைப் பார்க்கணும். பல இசியூக்களில் சிக்னல் பின்னுக்கும் உள்ளேயிருக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவில் ஒரு புல்-அப் ரெசிஸ்டர் இருக்கும். 10 கிலோ ஓம் என்று வைத்துக்கொள்வோம். சென்சார் வேலை செய்யும்போது அதோட ஆம்ப்ளிஃபையர் இந்தப் புல்-அப்பைச் சுலபமாக மீறி தன் வோல்டேஜை வைத்துவிடும். சிக்னல் வயர் அறுந்தால்? எதிர்க்க ஆள் இல்லை, புல்-அப் சிக்னலை 5 வோல்ட்டுக்கு இழுத்துவிடும். ஹை இன்புட், பி 0193. கிரவுண்டு வயர் அறுந்தாலும் சிக்னல் மேலேதான் ஓடும், அதே கோட். சிக்னல் வயர் உரசி பாடியில் தொட்டால் 0 வோல்ட், பி 0192. ஆக, அறுந்த வயர் 'அதிகம்' என்று பேசும், ஷார்ட் ஆன வயர் 'குறைவு' என்று பேசும்.

ஸ்கேனரில் லைவ் டேட்டா பார்க்கும்போது ஒரு ஜாக்கிரதை. கோட் விழுந்தவுடன் சில இசியூக்கள் சென்சாரை ஓரங்கட்டிவிட்டு, தானே ஒரு பொய் எண்ணை வைத்துக்கொள்ளும். திரையில் அழகா 400 பார் என்று நிற்கும். ஆக்சிலரேட்டரை மிதிச்சாலும் 400, விட்டாலும் 400. அசையாத எண்ணை நம்பாதீங்க, சிக்னல் வயரில் மீட்டரை வைங்க.

இப்போ மெயின் விஷயம்

சென்சார் கனெக்டரைக் கழற்றி, சாவியை ஆன் பண்ணி, 5 வோல்ட் பின்னில் மீட்டரை வைக்கிறோம். 5.00 காட்டுது. "சப்ளை ஓகே, கிரவுண்டு ஓகே, அப்போ சென்சார்தான் அவுட்" என்று முடிவு பண்ணிடறோம். இந்த இடத்தில்தான் தெவனின் வருகிறார்.

டிஜிட்டல் மீட்டரோட உள் ரெசிஸ்டன்ஸ் பொதுவாக 10 மெகா ஓம். அதற்குள் போகும் கரண்ட் அரை மைக்ரோ ஆம்பியர். அந்தக் கரண்டில், வயருக்குள் 90 ஓம் துரு இருந்தாலும் அதில் விழும் வோல்டேஜ் வெறும் 45 மைக்ரோ வோல்ட். மீட்டரில் தெரியாது. 90 இல்லை, 900 ஓம் இருந்தாலும் 5.00 தான். நீங்க அளந்தது ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ், அதாவது தெவனின் வோல்டேஜ். கோளாறு உட்கார்ந்திருப்பது தெவனின் ரெசிஸ்டன்ஸில். லோடு போடாமல் அது வெளியே வரவே வராது. தண்ணி டேங்கிலிருந்து வரும் பைப்பில் பாதி அடைப்பு இருந்தாலும், குழாயை மூடி வைத்தால் பிரஷர் முழுசாத்தான் இருக்கும். திறந்து பக்கெட் வைத்தால்தான் தெரியும், அதே கதைதான்.

சென்சார் இழுப்பது சுமார் 10 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். கனெக்டரின் 5 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டு பின்னுக்கும் நடுவில் 470 ஓம் ரெசிஸ்டரை மாட்டினால், 10.6 மில்லி ஆம்பியர் ஓடும். சென்சார் இருக்கும்போது ஓடும் அதே அளவு லோடு, இசியூவுக்கு ஆபத்தில்லை. ரெசிஸ்டரில் சூடாவது 0.05 வாட், கால் வாட் ரெசிஸ்டர் தாங்கும். இப்போ ரெசிஸ்டரின் ரெண்டு முனையில் அளந்து பாருங்க. வயர் நல்லா இருந்தால் 5 வோல்ட் அப்படியே நிற்கும். 90 ஓம் துரு இருந்தால் 4.20-க்கு விழும். ரெசிஸ்டர் இல்லாமல் 5.00, ரெசிஸ்டரோடு 4.20. அந்த 0.80 எங்கேயோ வயரில் தொலையுது.

எந்த வயரில்? ரெசிஸ்டரைக் கழற்றாமல், மீட்டரின் கறுப்பு ப்ரோபை பேட்டரி நெகட்டிவில் வைத்து, சிவப்பை கிரவுண்டு பின்னில் வைங்க. சில பத்து மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கிரவுண்டு ஓகே, தொலைவது 5 வோல்ட் வயரில். கிரவுண்டு பின்னிலேயே 0.8 காட்டினால் திருடன் அங்கேதான்.

சிலர் ஹெட்லைட் பல்பை வைத்து லோடு டெஸ்ட் பண்ணுவாங்க. 12 வோல்ட் லைனுக்கு அது அருமையான முறை. 5 வோல்ட் ரெஃபரன்ஸில் மட்டும் வேண்டாம், அந்த லைன் சில மில்லி ஆம்பியருக்குப் பிறந்தது, ஆம்பியர் கணக்கில் இழுத்தால் இசியூ போனாலும் போயிடும்.

பீப் டெஸ்ட் பற்றியும் ஒரு வார்த்தை. பல மல்டிமீட்டர்களில் 30, 40 ஓம் வரைக்கும் கன்டினியூட்டி பீப் அடிக்கும். பீப் வந்ததால் வயர் நல்ல வயர் என்று அர்த்தம் இல்லை.

அதே ரெசிஸ்டருக்கு இன்னொரு வேலையும் இருக்கு. வயரிங் டயக்ராம் இல்லை, கனெக்டரில் ரெண்டு பின் 5 வோல்ட் காட்டுது, எது ரெஃபரன்ஸ், எது சிக்னல்? 470 ஓமை ஒவ்வொன்றுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் வைத்துப் பாருங்க. அசையாமல் நிற்பது ரெஃபரன்ஸ். 0.2 வோல்ட்டுக்குப் பொத்தென்று விழுவது, 10 கிலோ ஓம் புல்-அப் வழியாக வந்த சிக்னல் பின். ரெண்டுக்கும் ஒரே தெவனின் வோல்டேஜ், வேற தெவனின் ரெசிஸ்டன்ஸ். செமஸ்டர் பேப்பரில் ரெண்டு மார்க்குக்கு டெஃபனிஷன் எழுதினோமே, அதுதான் இது.

30 ஓம் என்ன பண்ணும்

வயர் முழுசா அறுந்தால் நல்லது என்றே சொல்வேன், கோட் வந்துடும், தேடிடலாம். அரைகுறையாக இருப்பதுதான் கொடுமை. கிரவுண்டு வயரில் 30 ஓம் துரு என்று எடுத்துக்கொள்வோம். 10 மில்லி ஆம்பியரில் 0.3 வோல்ட். சென்சாரைப் பொறுத்தவரை அதோட 'பூஜ்யம்' இப்போ 0.3 வோல்ட் உயரத்தில் இருக்கு, அதற்குக் கிடைக்கும் சப்ளை 4.7 தான்.

இன்ஜின் ஆஃப், ரெயிலில் பிரஷர் இல்லை. சென்சார் தரும் சிக்னல் 4.7-ல் 10 சதவீதம், அதாவது 0.47, அதோடு 0.3. இசியூ பார்ப்பது 0.77 வோல்ட். நம்ம ஃபார்முலாவில் போட்டால் 121 பார்! நிற்கிற வண்டியில் 121 பார்.

ஓடும்போது இன்னும் சுவாரஸ்யம். ரெயில் பிரஷர் ஒரு க்ளோஸ்டு லூப். இசியூ ஐடிலில் 300 பார் வேணும் என்று குறி வைக்கும், சென்சார் 300 சொல்லும் வரை பம்பில் இருக்கும் மீட்டரிங் வால்வைத் திறந்து மூடிச் சரிசெய்யும். சென்சார் 120 கூடுதலாகச் சொல்லிக்கொண்டிருந்தால், இசியூ நிஜப் பிரஷரைக் கீழே இறக்கிவிடும். கணக்குப் போட்டால், திரையில் 300 என்று வரும்போது ரெயிலில் உண்மையில் 190 பார்தான் இருக்கும். டார்கெட்டும் ஆக்சுவலும் கனகச்சிதமாகப் பொருந்தி நிற்கும், கோடும் வராமல் போகலாம். வண்டி மட்டும் ஸ்டார்ட் ஆக முரண்டு பிடிக்கும், ஐடிலில் நடுங்கும்.

அதே வண்டியை 1600 பாருக்கு ஏற்றினால்? நிஜப் பிரஷர் 1573. வித்தியாசம் 27 பார்தான். கிரவுண்டு கோளாறில் பூஜ்யம்தான் ரொம்ப உயரும், உச்சியில் பிழை கரைந்துவிடும். அதனால்தான் "ஹைவேல நல்லா போகுது தம்பி, காலைல ஸ்டார்ட்தான் ஆகமாட்டேங்குது" என்று புகார் வரும். இந்த ஒரு வாக்கியத்திலேயே பாதி டயக்னோசிஸ் இருக்கு.

ஒரு டாக்ஸி

இன்பிளான்ட் ட்ரெயினிங்குக்குக் கோயம்புத்தூரில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் இருந்தேன். அங்கே வந்த ஒரு டீசல் டாக்ஸியின் கதை இதுக்குப் பொருத்தம். சொந்த வண்டி, டிரைவர் அண்ணன் லோன் கட்டிக்கொண்டிருந்தார். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது, ஒரு ஹேர்பின் வளைவில் வண்டி அப்படியே ஆஃப். உள்ளே ஒரு குடும்பம், பின்னாடி பஸ். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, குழந்தைகளை இறக்கி, கல் வைத்து நிறுத்தியிருக்கார். பத்து நிமிஷத்தில் தானா ஸ்டார்ட் ஆச்சாம்.

வேற ஒரு இடத்தில் பி 0193-ஐப் பார்த்துவிட்டு ரெயிலோடு சேர்த்துச் சென்சாரை மாற்றி 18,000 ரூபாய் வாங்கியிருந்தாங்க. மூணாவது ட்ரிப்பில் திரும்ப அதே வளைவுப் பக்கம், அதே கதை. எங்க இடத்துக்கு வந்தபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அண்ணா, மறுபடியும் ஆஃப் ஆகாதுன்னு சொல்ல முடியுமா? இல்லேன்னா மலை ட்ரிப்பே எடுக்கமாட்டேன்." மலை ட்ரிப் இல்லாவிட்டால் அவருக்கு லோன் கட்டுவது கஷ்டம்.

மெக்கானிக் அண்ணன் முதலில் ஃப்ரீஸ் ஃபிரேமைத் திறந்தார். கோட் விழுந்த நொடியில் இசியூ எடுத்து வைக்கும் ஸ்னாப்ஷாட் அது. கூலன்ட் 90 டிகிரிக்கு மேல், வேகம் கம்மி, ஆர்பிஎம் அதிகம். அதாவது சூடான இன்ஜின், ஏற்றம், டார்க்கில் இன்ஜின் மவுண்டில் நல்லா சாய்ந்திருக்கும் நேரம். "சூடுலயும் ஆட்டத்துலயும் வர்றது வயரு தம்பி" என்றார்.

வண்டி ஆறியிருந்தபோது சாவி ஆனில் லைவ் டேட்டா 0 பார். 470 ஓம் போட்டால் 4.98. எல்லாம் சுத்தம். ஒரு மணி நேரம் ஓட்டிச் சூடாக்கி, நிறுத்தி, பிரஷர் இறங்க விட்டு, மறுபடி பார்த்தோம். சாவி ஆனில் 118 பார். ரெசிஸ்டர் போட்டால் 4.70. கிரவுண்டு பின்னில் 0.29. மீட்டரை அங்கேயே வைத்துக்கொண்டு ஹார்னஸை கனெக்டரிலிருந்து ஒவ்வொரு சாணாக ஆட்டிக்கொண்டே போனார். கனெக்டரிலிருந்து ஒரு சாண் தூரத்தில் ஆட்டியதும் 0.29 எகிறி 5-ஐத் தொட்டது. கிரவுண்டு முழுசா கட்.

டேப்பைப் பிரித்தால், கிரவுண்டு வயரின் இன்சுலேஷனில் குண்டூசி அளவு ஓட்டை. எப்போதோ யாரோ டெஸ்ட் பண்ணும்போது ப்ரோபைக் குத்தியிருக்காங்க. அந்த ஓட்டை வழியா தண்ணி இறங்கி, உள்ளே செம்பு பச்சைப் பவுடராகி, ஒட்டிக்கொண்டிருந்தது. ஆறியிருக்கும்போது தொடும், சூட்டில் விலகும், ஹேர்பின் வளைவில் இன்ஜின் சாய்ந்தால் பிரியும். பச்சை முடியும் இடம் வரை வெட்டி எடுத்து, புது வயர் வைத்து க்ரிம்ப் பண்ணி, உள்ளே பசை இருக்கும் ஹீட் ஷ்ரிங்க் போட்டு மூடினார். 350 ரூபாய் பில். அதுக்கப்புறம் வண்டியைச் சூடாக்கி, அதே டெஸ்டுகளைத் திரும்பப் பண்ணி, எண்களை அந்த அண்ணனிடமே காட்டினார்: 0 பார், 4.99, கிரவுண்டில் 10 மில்லிவோல்ட். "ஆஃப் ஆகாது"ன்னு வாயால் சொன்னதைவிட அதைத்தான் அவர் நம்பினார்.

அதனால் இன்சுலேஷனில் குத்தாதீங்க. கனெக்டரின் பின்பக்கமிருந்து, ரப்பர் சீலுக்கும் வயருக்கும் இடையில் மெல்லிய பேக்-ப்ரோப் பின்னை நுழைத்து அளக்கலாம். முன்பக்கமிருந்து தடித்த ப்ரோபை ஃபீமேல் டெர்மினலுக்குள் திணிப்பதும் தப்பு. டெர்மினல் விரிந்து, இறுக்கம் போய், நீங்களே ஒரு புது லூஸ் கான்டாக்டை உருவாக்கிடுவீங்க.

எங்கே ஆரம்பிப்பது

காசு செலவில்லாத டெஸ்ட் முதலில். ராத்திரி முழுக்க நின்ற வண்டி, சாவி ஆன், இன்ஜின் ஸ்டார்ட் பண்ணலை. ரெயில் பிரஷர் 0-வை ஒட்டி இருக்கணும், சிக்னல் 0.5-ஐ ஒட்டி. இருந்தால் பூஜ்யம் சரி. 100, 120 என்று நின்றால் கிரவுண்டைத்தான் முதலில் சந்தேகப்படணும், சென்சாரை அப்புறம்.

அடுத்து, கனெக்டரைக் கழற்றி லைவ் டேட்டாவையும் கோடையும் பாருங்க. புல்-அப் உள்ள இசியூ என்றால் உச்சத்துக்குப் போய் பி 0193 வரணும். இப்போ சிக்னல் பின்னுக்கும் கிரவுண்டு பின்னுக்கும் நடுவில் நம்ம 470 ஓம். எண் தரைக்கு விழுந்து பி 0192 வரணும். ரெண்டும் நடந்தால் சிக்னல் வயரும், இசியூவின் அந்த இன்புட்டும் உயிரோடு இருக்கு. வெறும் வயரை வைத்து ஷார்ட் பண்ணாமல் ரெசிஸ்டர் ஏன் என்றால், பின் மாறி 5 வோல்ட்டில் வைத்துவிட்டாலும் 10 மில்லி ஆம்பியர்தான் ஓடும். சில இசியூக்களில் புல்-அப்புக்குப் பதில் புல்-டவுன் இருக்கும், கழற்றினால் 0 காட்டும். அங்கே அதே ரெசிஸ்டரை 5 வோல்ட் பின்னிலிருந்து சிக்னலுக்கு வைத்து, எண் மேலே போகுதான்னு பார்க்கணும்.

கனெக்டரில் 5 வோல்ட்டே இல்லையா? உடனே இசியூவைக் குறை சொல்ல வேண்டாம். ஒரே 5 வோல்ட் ரெஃபரன்ஸை இசியூ பல சென்சார்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும். மேனிஃபோல்ட் பிரஷர் சென்சாரிலோ, ஆக்சிலரேட்டர் பெடலிலோ உள்ளே ஷார்ட் ஆனால் நம்ம சென்சாரும் சேர்ந்து சாகும். ஒரே லைனில் இருக்கும் சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்க, எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புதோ அதுதான் குற்றவாளி. எதைக் கழற்றியும் வரலைன்னா ஹார்னஸ், கடைசியாகத்தான் இசியூ.

டைரக்ட் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் இன்ஜினிலும் இதே மூணு வயர், இதே லாஜிக். பிரஷர் குறைவு, அதனால் ஃபார்முலாவில் 1800-க்குப் பதில் அந்த சென்சாரோட உச்ச எண்ணைப் போட்டுக்கணும்.

இவ்வளவும் பாஸ் ஆகி, லோடோடு 5 வோல்ட் நின்று, கிரவுண்டு சுத்தமாக இருந்து, சூட்டிலும் ஆட்டத்திலும் மாறாமல், அப்பவும் பூஜ்யப் பிரஷரில் சிக்னல் 0.5-ஐ விட்டு விலகி இருந்தால், ஆமா, சென்சார்தான். தாராளமா மாற்றுங்க. ஆனா சில கம்பெனிகள் சென்சாரைத் தனியாகத் தர மாட்டாங்க, ரெயிலோடு சேர்த்துத்தான் வரும். தனியாக வரும் மாடலிலும் மெட்டல் சீலிங் முகத்தைத் துளித் தூசு இல்லாமல் வைத்து, கம்பெனி சொல்லும் டார்க்குக்கு டார்க் ரெஞ்சால் முடுக்கணும். சில வண்டிகளில் புது சென்சார் போட்ட பிறகு ஸ்கேனரில் பழைய லேர்ண்டு வேல்யூவை ரீசெட் பண்ணணும். முதல் ஸ்டார்ட்டில் பானெட்டைத் திறந்து வைத்து எட்டி நின்று லீக் பாருங்க, கையில் அட்டையோடு.